வெடிக்க மறுத்த உருண்டை

ஃபிரிட்ஸ் ஸ்விக்கி தனக்குப் பிடிக்காத சக விஞ்ஞானிகளைத் திட்டுவதற்கென்றே சொந்தமாக ஒரு வசவு தயாரித்து வைத்திருந்தார் என்று கால்டெக் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. ‘உருண்டை அயோக்கியர்கள்’ என்பாராம். அதென்ன உருண்டை? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அயோக்கியனாகவே தெரிவான், அதனால் உருண்டை. வசவில்கூட வடிவியல் பார்த்த மனிதர்.

அந்த வசவு மனிதர்களைவிட விண்மீன்களுக்குத்தான் கனகச்சிதமாகப் பொருந்தப்போகிறது என்பது பாவம், அவருக்கே தெரியாது. வானத்தில் இருக்கும் விண்மீன்களைச் சொல்லவில்லை. காகிதத்திலும் கணினியிலும் விஞ்ஞானிகள் பிடித்துவைத்த விண்மீன்களைச் சொல்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் உருண்டைகள். அவற்றை வெடிக்கவைக்க நோபல் பரிசு வாங்கியவர்களும் அணுகுண்டு செய்தவர்களும் பல பத்தாண்டுகள் படாதபாடு பட்டார்கள். ஒன்றும் ஒழுங்காக வெடிக்கவில்லை. நிஜ விண்மீன்களோ இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெடித்துக்கொண்டே இருந்தன.

கதை 1933 டிசம்பரில், ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஓர் இயற்பியல் கூட்டத்தில் தொடங்குகிறது. ஸ்விக்கியும் வானியலாளர் வால்டர் பாடேயும் ஒரே மூச்சில் மூன்று குண்டுகளைப் போட்டார்கள். சாதாரண நோவாவைவிடப் பன்மடங்கு பெரிய வெடிப்பு ஒன்று உண்டு, அதன் பெயர் சூப்பர்நோவா. அதில் ஒரு விண்மீன் சுருங்கி வெறும் நியூட்ரான்களால் ஆன விண்மீன் ஆகிறது. காஸ்மிக் கதிர்கள் அங்கிருந்துதான் வருகின்றன. நியூட்ரான் என்ற துகளைச் சாட்விக் கண்டுபிடித்து அப்போது இரண்டு வருடம்கூட முடியவில்லை. அதற்குள் அதை வைத்து ஒரு விண்மீனையே கட்டி முடித்துவிட்டார்கள். 1934 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதை ஒரு கேலிச்சித்திரமாகப் போட்டது. ஐந்து லட்சம் மைல் அகல விண்மீன் வெடித்து, 14 மைல் உருண்டையாக வற்றிப்போகும் என்கிறார் ஸ்விஸ் பேராசிரியர், பாருங்கள் கூத்தை என்று. நியூட்ரான் விண்மீனின் அளவுக்கு இன்றைக்குச் சொல்லும் கணக்கு அந்த 14 மைலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேலிச்சித்திரக்காரருக்கு யாரும் நோபல் பரிசு கொடுக்கவில்லை.

எப்படி வெடிக்கிறது என்பதை மட்டும் இருவரும் விளக்கவில்லை. பின்னாளில் உட்கார்ந்து பேசி விளக்கியிருக்கலாம், ஆனால் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. பாடே ஜெர்மானியர். போர்க்காலத்தில் ஸ்விக்கி அவரை நாஜி என்று திட்டினார். இந்த மனிதருடன் தனியாக இருந்தால் கொன்றேவிடுவார் என்று பாடே நடுங்கினார். சூப்பர்நோவாவைப் பெற்றுப் பெயர் வைத்தவர்களின் குடும்ப வாழ்க்கை இது.

இதே காலத்தில் லண்டனில் இன்னொரு கூத்து. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், செத்த விண்மீன் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் போனால் தன் பாரத்தைத் தானே தாங்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1935 ஜனவரி 11 அன்று ராயல் வானியல் கழகத்தில் அவர் பேசி முடித்து உட்கார்ந்ததும் எழுந்தார் அன்றைய வானியலின் பெரும்புள்ளி எடிங்டன். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். இயற்கை எடிங்டனுக்குக் கீழே குமாஸ்தா வேலை பார்க்கிறது என்ற நினைப்பு. சபை சிரித்தது. சந்திரசேகருக்கு நோபல் பரிசு வர 1983 ஆகிவிட்டது. இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். ஒரு விண்மீன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானிப்பது இந்தத் துறையில் பரம்பரை வியாதி.

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன், ஹைட்ரஜனில் தொடங்கி ஒவ்வொன்றாக எரித்துக் கடைசியில் இரும்பில் வந்து நிற்கும். இரும்பை எரித்தால் லாபம் இல்லை. நடுவே பூமி அளவுக்கு ஓர் இரும்புக் கரு சேரும். சந்திரசேகர் சொன்ன வரம்பைத் தொட்டதும் ஒரு விநாடிக்குள் அது இடிந்து நொறுங்கி, சில பத்துக் கிலோமீட்டருக்குள் ஒடுங்கும். அதற்கு மேல் நசுங்க முடியாமல் விறைத்துக்கொண்டு எதிர்த்து உதைக்கும். அந்த உதையில் ஓர் அதிர்ச்சி அலை கிளம்பி, மேலே விழுந்துகொண்டிருக்கும் அத்தனையையும் எற்றித் தள்ளும். விண்மீன் வெடிக்கும். சுபம்.

கணக்கில் சுபம் வரவில்லை. கிளம்பிய அலை நூற்றைம்பது கிலோமீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. விண்மீனின் விட்டமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர்.

இங்கேதான் ஸ்டெர்லிங் கோல்கேட் வருகிறார். ஆமாம், அதே கோல்கேட். பற்பசைக் குடும்பத்து வாரிசு. பல் தேய்க்கும் தொழிலை விட்டுவிட்டு லிவர்மோர் ஆயுத ஆய்வகத்தில் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளில் வேலை பார்த்தவர். 1959இல் ஜெனீவாவில் அணுகுண்டுச் சோதனைத் தடைப் பேச்சுவார்த்தை நடந்தபோது அறிவியல் ஆலோசகராகப் போயிருந்தார். விண்வெளியில் யாராவது திருட்டுத்தனமாகக் குண்டு வெடித்தால் காமா கதிரை வைத்துப் பிடிக்கலாம் என்று பேச்சு வந்தது. கோல்கேட் ஒரு சந்தேகம் கேட்டார். ஒரு விண்மீன் வெடித்து அந்தக் காமா கதிர் வந்தால் என்ன செய்வீர்கள்? அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்த மேசையில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்கவேண்டிய கேள்வி. பதில் யாருக்கும் தெரியவில்லை, கேட்டவருக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொள்ளத்தான் அவர் சூப்பர்நோவாவில் இறங்கினார். 1966இல் ரிச்சர்ட் ஒயிட்டுடன் சேர்ந்து ஒரு வழி சொன்னார். கரு நொறுங்கும்போது வெளியாகும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நியூட்ரினோ என்ற பேய்த்துகள்களாகப் போய்விடுகிறது. அவை எதையும் தொடாமல் போகிற ஜாதி. போகிற போக்கில் நூற்றில் ஒரு பங்கை மேல் அடுக்கில் உதறிவிட்டுப் போனால் போதும், விண்மீன் சிதறிவிடும். கணினிக் கணக்கு அழகாக வந்தது. அதில் இருந்த விண்மீன் அப்பழுக்கில்லாத உருண்டை.

ஏன் உருண்டை என்றால், உருண்டைக்கு மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற ஒரே எண் போதும். வடக்கு தெற்கு கிழக்கு மேற்கு எல்லாம் ஒன்றே. அன்றைய கணினிக்கு அதற்கு மேல் தெம்பில்லை. விண்மீன் உருண்டையாக இருப்பது விண்மீனின் வசதிக்காக இல்லை, கணினியின் வசதிக்காக. இதில் என் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். பற்பசைக் குழாயை அழுத்தினால் உள்ளே இருப்பது வாய் இருக்கும் பக்கம்தான் பீய்ச்சி அடிக்கும் என்று உலகத்தில் வேறு எவருக்குத் தெரியாவிட்டாலும், கோல்கேட் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம்.

பீய்ச்சி அடிக்கும் என்று முதலில் கணினியில் பார்த்தவர்கள் அதே லிவர்மோரில் இருந்த இரண்டு ஜேம்ஸ்கள், லெப்ளாங்க்கும் வில்சனும். 1970இல் அவர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். விண்மீனைச் சுற்றவிட்டு, உள்ளே காந்தப்புலத்தையும் வைத்துக் கருவை நொறுக்கினார்கள். நொறுங்கும் கரு வேகவேகமாகச் சுற்ற, காந்தப்புலம் முறுக்கேறி, அச்சின் இரண்டு முனைகளிலும் எதிரெதிராக இரண்டு தாரைகள் கிளம்பின. ஜெட்! துறைப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? இவ்வளவு வேகமாகச் சுற்றும் விண்மீன் எங்கே இருக்கிறது, இவ்வளவு காந்தம் எங்கிருந்து வந்தது, நிஜத்துக்கு ஒத்துவராது என்றார்கள். சுற்றவே சுற்றாத, காந்தமே இல்லாத உருண்டை மட்டும் எங்கே இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டுரை பரணுக்குப் போனது.

வில்சன் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. 1982 வாக்கில் நியூட்ரினோ கணக்கு ஒன்றை வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடவிட்டார். நின்றுபோன அலை அரை விநாடி கழித்து நியூட்ரினோச் சூட்டில் எழுந்து நடந்தது. நோபல் பரிசு வாங்கிய ஹான்ஸ் பெத்தே கூட வந்து சேர, 1985இல் இருவர் பெயரிலும் வந்த கட்டுரை துறையின் வேதமானது. ஜெட் கட்சி, நியூட்ரினோ கட்சி இரண்டுக்கும் ஒரே மனிதர் கொடியேற்றியிருக்கிறார். நம் ஊர் அரசியல்வாதிகளே இதற்கு ஒரு தேர்தல் இடைவெளியாவது விடுவார்கள். பெத்தே-வில்சன் வழியிலும் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. நுணுக்கம் கூடிய உருண்டையை வைத்து மற்றவர்கள் பின்னாளில் கணக்குப் போட்டபோது, ரொம்பச் சின்ன விண்மீன்களைத் தவிர எதுவும் வெடிக்கவில்லை.

இதற்கிடையில் வானம் பொறுமையாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கழுகு விண்மீன் குழுவில் எஸ்எஸ் 433 என்று ஒரு பொருள். அதன் ஒளியை 1978இல் புரூஸ் மார்கனின் குழு அலசியபோது, அது நம்மை நோக்கி வருவதாகவும் நம்மைவிட்டு ஓடுவதாகவும் ஒரே நேரத்தில் காட்டியது. தேர்தலுக்கு முந்தைய கூட்டணிக் கட்சி மாதிரி என்று எழுதக் கை துடிக்கிறது, விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான். எதிரெதிராக இரண்டு தாரைகள், ஒளி வேகத்தில் 26 விழுக்காட்டு வேகம், 162 நாளுக்கு ஒருமுறை தலையைச் சுற்றி ஆட்டும் அச்சு. அதைச் சூழ்ந்திருக்கும் டபிள்யூ 50 என்ற வெடிப்பு எச்சம் இரண்டு பக்கமும் நீண்டு புடைத்திருக்கிறது. உள்ளே இருந்து தாரை குத்தினால் எச்சத்தின் வடிவம் என்ன ஆகும் என்பதற்குப் படத்தோடு பாடம். அந்த இரண்டு எஸ்களில் ஒன்று நிக்கோலஸ் சாந்துலியாக் என்ற பட்டியல்காரருடையது. ஆயிரக்கணக்கான விண்மீன்களை உட்கார்ந்து பட்டியல் போட்ட மனிதர். அவருடைய இன்னொரு பட்டியலில் -69 202 என்று ஒரு நீல விண்மீன் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

1987 பிப்ரவரி 23இல் வெடித்தது அதுதான். பாடப்புத்தகப்படி வெடிக்கவேண்டியது சிவப்புப் பெருவிண்மீன். பாடப்புத்தகத்தைச் சாந்துலியாக்கின் விண்மீன் படிக்கவில்லை. சிலியில் லாஸ் கம்பானாஸ் மலையில் தொலைநோக்கி உதவியாளர் ஆஸ்கர் துஹால்டே அன்றிரவு காபி இடைவேளையில் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். பால்வீதிக்குப் பக்கத்து அண்டமான மகெல்லன் மேகத்தில் வழக்கமாக இல்லாத ஒரு விண்மீன் இருந்தது. உள்ளே போனார், வேலையில் மூழ்கினார், யாரிடமும் சொல்லவில்லை. இயன் ஷெல்டன் என்ற கனடாக்காரர் புகைப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்துவிட்டு ஓடிவந்து கேட்டபோதுதான், ஆமாம், நானும் பார்த்தேனே என்றார். 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு இவ்வளவு பளிச்சென்று தெரிந்த முதல் சூப்பர்நோவாவை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போன கர்மயோகி.

ஜப்பானில் காமியோகாண்டே, அமெரிக்காவில் ஐஎம்பி, சோவியத்தில் பக்ஸான். மூன்றும் சேர்ந்து பிடித்த நியூட்ரினோக்கள் இரண்டு டஜன். காமியோகாண்டேயைக் கட்டியது புரோட்டான் செத்துப்போகிறதா என்று காவல் காக்க. புரோட்டான் இன்றுவரை சாகவில்லை. தற்செயலாக வந்து விழுந்த நியூட்ரினோக்களுக்காகத் தலைவர் கொஷிபாவுக்கு 2002இல் நோபல் கிடைத்தது. நியூட்ரினோ கட்சிக்குத் திருவிழா. தொண்ணூற்றொன்பது பங்கு எங்கே போகிறது என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது. மீதி ஒரு பங்கு எப்படி வெடிக்கவைக்கிறது என்பது அப்படியே கிடந்தது. அது மட்டுமா? ஆழத்தில் பிறந்த கதிரியக்கப் பொருள்களின் எக்ஸ் கதிர், உருண்டைக் கணக்கு சொன்ன காலத்துக்கு மாதக்கணக்கில் முன்பே, ஆகஸ்ட்டிலேயே எட்டிப்பார்த்தது. உள்ளே இருந்ததில் கொஞ்சம் வெளியே முந்திக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். எச்சம் விரிய விரிய, நீளவாக்கில் இழுபட்டுப்போன உருவம்தான் ஹபிள் படங்களில் தெரிந்தது. டெக்ஸாஸில் கிரெய்க் வீலரின் குழு மற்ற சூப்பர்நோவாக்களின் ஒளி எந்தத் தளத்தில் கூடுதலாக அதிர்கிறது என்று (தளவிளைவு) அளந்து, உள்ளே போகப் போக கோணல் கூடுகிறது என்றது. உருண்டைக்கு வக்காலத்து வாங்க ஆள் குறைந்தது.

இப்போது கோல்கேட்டின் ஜெனீவாக் கேள்விக்குத் திரும்ப வேண்டும். 1963 முதல் அமெரிக்கா வேலா என்ற வேவுக் கோள்களை மேலே அனுப்பியது. 1967 ஜூலை 2 அன்று அவை ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்தன. ரஷ்யாக்காரர்கள் செய்ததல்ல. பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. ராணுவ விஷயமாயிற்றே, 1973 வரை உலகத்துக்குச் சொல்லவில்லை. சொன்ன பிறகு விளக்கம் தர ஆளாளுக்கு முண்டியடித்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாடுகள் சேர்ந்தன. ஒரு கட்டத்தில் பிடித்த வெடிப்புகளைவிட அவற்றுக்கான விளக்கங்கள் அதிகமோ என்று பயப்படும் நிலை.

1997இல் பெப்போசாக்ஸ் என்ற இத்தாலிய-டச்சு செயற்கைக்கோள், அப்படி ஒரு காமா வெடிப்பின் மிச்ச ஒளியைத் துரத்திப் பிடித்தது. தொலைதூர அண்டங்களில் நடக்கும் சமாசாரம் என்று தெரிந்தது. உடனே அடுத்த தலைவலி. 1999 ஜனவரி 23இல் வந்த ஒன்று எல்லாத் திசையிலும் சமமாகக் கொட்டியிருந்தால், சூரியன் முழுவதையும் ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் போட்டு ஆற்றலாக்கினாலும் செலவுக்குக் கட்டாது. தப்பிக்க ஒரே வழி, எல்லாத் திசையிலும் கொட்டவில்லை, சில பாகை அகலத் தாரையில் நம் பக்கமாகப் பீய்ச்சியது என்று ஒப்புக்கொள்வது. இருபத்தொன்பது வருடம் பரணில் கிடந்த ஜெட்டைத் தூசி தட்டி எடுத்து மாலை போட்டார்கள்.

ஸ்டான் வூஸ்லி 1993இலேயே இதற்கு ஓர் எந்திரம் வைத்திருந்தார். பெரிய விண்மீனின் கரு நேராகக் கருந்துளை ஆகிறது, சுற்றிலும் பொருள் தட்டாகச் சுழல்கிறது, அச்சுவழியே தாரைகள் கிழித்துக்கொண்டு வருகின்றன. வெளி அடுக்கு வெடிக்காது என்று நினைத்துத் ‘தோற்றுப்போன சூப்பர்நோவா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். 1998 ஏப்ரல் 25இல் ஒரு காமா வெடிப்பு வந்தது. அதே இடத்தில் ஒரு சூப்பர்நோவா, அதுவும் சாதாரண சூப்பர்நோவாவைப்போல் பல மடங்கு வீரியத்தோடு. தோற்றுப்போனவன் என்று ஒதுக்கிய பிள்ளை மாநிலத்தில் முதலிடம். 2003 மார்ச் 29 வெடிப்பு மிச்சச் சந்தேகத்தையும் துடைத்தது. கோல்கேட் 1959இல் கேட்டதற்கு விடை ‘வரும்’ என்பதுதான். ஆனால் அது எல்லா விண்மீனுக்கும் இல்லை, நூற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை.

மற்ற தொண்ணூற்றொன்பதுக்கு? இந்த வழக்குதான் இன்னும் நடக்கிறது. முக்கியச் சாட்சி காசியோப்பியா ஏ என்ற வெடிப்பு எச்சம். 11,000 ஒளியாண்டு தொலைவு. அதன் வெளிச்சம் 17ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் பூமிக்கு வந்திருக்க வேண்டும். 1680இல் ஃபிளாம்ஸ்டீட் குறித்துவைத்த ஒரு மங்கல் புள்ளி அதுதான் என்பார்கள், இல்லை என்பார்கள். 1948இல் கேம்பிரிட்ஜில் ரைலும் ஸ்மித்தும் வானொலி அலையில் கண்டுபிடித்தார்கள். 1999 ஜூலையில் ஒரு பெரிய எக்ஸ் கதிர் தொலைநோக்கி மேலே போனது. பெயர் சந்திரா. எடிங்டன் அன்று சபையில் சிரிக்கவைத்தாரே, அதே சந்திரசேகரின் பெயர். அது ஊரறிய எடுத்த முதல் படம் காசியோப்பியா ஏ. அதன் நடுவில் ஒரு புள்ளி, நொறுங்கிய கரு.

அந்தப் படத்தில் வடகிழக்கே எச்சத்தின் ஓட்டைக் குத்திக்கொண்டு ஒரு தாரை நீட்டியிருக்கிறது. பின்னர் பத்து லட்சம் விநாடி உற்றுப் பார்த்ததில் நேரெதிரே தென்மேற்கிலும் ஒன்று தெரிந்தது. பொருள் கட்டிகள் அங்கே விநாடிக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஜெட் கட்சிக்காரர்கள் வெடி வாங்கப் போனார்கள். அதற்குள் எதிர்த்தரப்பு எழுந்தது. ஐயா, தாரைகளில் இருக்கும் ஆற்றல் மொத்த வெடிப்பில் சிறு பங்கு. நடுவே இருக்கும் நியூட்ரான் விண்மீன் தாரை அச்சுக்கு ஏறக்குறையக் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 2014இல் நூஸ்டார் தொலைநோக்கி, ஆழத்தில் மட்டும் பிறக்கக்கூடிய டைட்டானியம்-44 எங்கே என்று தேடியது. தாரை வழியில் இல்லை, வேறு பக்கங்களில் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஆக, தாரை வந்து வெடித்ததா, வெடித்த பிறகு வந்ததா? நண்டு நெபுலா என்ற எச்சத்திலும் இதே சங்கடம். விநாடிக்கு முப்பது முறை சுற்றும் துடிவிண்மீனிலிருந்து தாரைகள் கிளம்புவதைச் சந்திரா படம் பிடித்தது. ஆனால் அவை பிள்ளை பிறந்த பிறகு அழுத அழுகை, பிரசவத்தைச் செய்தவை இல்லை. (1054இல் அந்த வெடிப்பைப் பார்த்த சீன அரசவை வானியலாளர் யாங் வெய்தே, மன்னரின் ஆட்சிக்கு இது நல்ல சகுனம் என்று அறிக்கை கொடுத்தார். மேலிடத்துக்குப் பிடித்ததைக் கண்டுபிடிக்கும் வானியல் அப்போதே தேறியிருக்கிறது.)

ஜெட் கட்சிக்கு இப்போதைய தலைவர் ஹைஃபா டெக்னியனில் இருக்கும் நோம் சோகர். சுற்றாத விண்மீனில் தாரை எப்படி வரும் என்ற 1970 காலத்து ஆட்சேபத்துக்கு அவரிடம் ஒரு சாமர்த்தியமான பதில் உண்டு. உள்ளே விழும் பொருள் ஒழுங்காக விழுவதில்லை, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் சுழன்று விழுகிறது. அதனால் அச்சு நிமிடத்துக்கு நிமிடம்கூட இல்லை, விநாடிக்குள் பல முறை திசை மாறி, நடுங்கும் தாரைகள் பல ஜோடி கிளம்பும். எல்லாம் சேர்ந்து விண்மீனை உடைக்கும். கடைசி ஜோடிகளின் தடம் எச்சத்தில் எதிரெதிர்க் காதுகளாக மிஞ்சும். அவரும் மாணவர்களும் எச்சம் எச்சமாகப் போய் அப்படிக் காது பார்க்கிறார்கள், காசியோப்பியாவில், வேலாவில் (வேவுக் கோள் இல்லை, அதே பெயரில் ஓர் எச்சம்), 1987இல் வெடித்ததில். எதிர்த்தரப்பில் பிரின்ஸ்டனின் பர்ரோஸ், கார்ஷிங்கின் யாங்கா போன்றவர்கள். கணினி வளர்ந்து உருண்டையைக் கைவிட்ட பிறகு, அவர்களுடைய முப்பரிமாண விண்மீன்கள் உள்ளே கொதித்துப் புரண்டு, நியூட்ரினோச் சூட்டிலேயே, ஜெட் இல்லாமலே வெடிக்கின்றன.

என் தீர்ப்பைக் கேட்டால், காமா வெடிப்பு வரும் விண்மீன்களில் ஜெட்டுக்குப் பட்டா கொடுத்தாயிற்று. மற்றவற்றில் குடியிருக்கிறது, ஆனால் வீடு அதன் பெயரில் இல்லை. காதைக் காட்டி மட்டும் சோகர் ஜெயிக்க முடியாது. கொதிக்கவைத்துக் காட்டி மட்டும் எதிர்த்தரப்பும் ஜெயிக்க முடியாது. அந்தக் காதுகள் எங்கிருந்து வந்தன என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் ஒன்று வெடித்தால் வழக்கு முடிந்துவிடும். சூப்பர் காமியோகாண்டே ஆயிரக்கணக்கில் நியூட்ரினோ பிடிக்கும், ஈர்ப்பலைக் கருவிகள் கருவின் உதறலையே கேட்கும். எல்லாம் தயாராக இருக்கிறது. நம் பால்வீதியில் ஊரே பார்த்த கடைசி சூப்பர்நோவா வந்தது 1604இல். கலிலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியது 1609இல். அந்த 1604 வெடிப்பும் வெள்ளைக் குள்ளன் என்ற செத்த விண்மீன் வெடித்தது, இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத வகை.